வெறுங்குச்சி விழுந்தவள்

"பொய் சொல்லச் சொல்லிக் குடுக்கிறதுக்குன்னே அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் இருக்காளாம்ல, ஒனக்குத் தெரியுமா?"

ஆமத்தூரில் பேருந்தில் ஏறிய இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் கேட்டாள். தஹ்மீனாவுக்குப் பின் இருக்கையில், மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு இருவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"புதுப்பட்டிக்கு இந்தப் பக்கம், வெடி விபத்துல நாலு பேரு செத்தாகள்ல, அந்த ஊரு. எங்க மதினியோட தங்கச்சிய அங்கனதான் குடுத்திருக்கு. அவ சொன்னதா மதினி சொன்னா."

"என்னன்னு?"

"ஒம்பதாவது படிக்கிற பொம்பளப் பிள்ளையாம். விசாரிக்க வந்த ஆபீசரு முன்னாடி நின்னு பேசுச்சாம் பாரு, கேட்டவுக அம்புட்டுப் பேரும் கண்ணத் தொடச்சாகளாம். மொதல்ல செத்தவரப் புகழ்ந்துச்சாம். வெள்ளைத்துரை பெரியப்பா தங்கமானவரு, என்னையத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவருன்னு. பெறகு பேச்ச நிறுத்திட்டு அப்படியே நின்னுச்சாம். 'தண்ணி குடிக்கியாம்மா'ன்னு ஆபீசரே கேட்டாராம். அதுக்குப் பெறகு மெதுவாச் சொல்லுச்சாம், 'ஆனாலும் வெடிமருந்த மூடி ஒளிச்சு வச்சது அவருதான்'னு."

"அடியாத்தீ! தோள்ல தூக்குனவரயா?"

"அம்புட்டும் டீச்சரு குடுத்த டிரெயினிங்காம். அதுக்குக் கம்பெனிக்காரன் டீச்சரு வீட்டுக்கு ஒரு பிரிட்ஜு எறக்கியிருக்கான்."

"பிரிட்ஜா! அப்பப் பொய்க்கும் நல்ல வெலைதான்."

இருவரும் சிரித்தார்கள். தஹ்மீனா திரும்பிப் பார்க்கவில்லை. விருதுநகரில் அவள் வீட்டுச் சமையலறையில் மண்பானைத் தண்ணீர்தான் இருந்தது. பிரிட்ஜ் கதை சுத்தப் பொய். ஆனால் முதலில் எதிராளியைப் புகழ்வதும், நடுவில் பேச்சை நிறுத்துவதும், பிறகு குரலை இறக்குவதும் அவளுடைய வகுப்பில் பிறந்தவை. மூன்றையும் தன் சேலையை அடுத்தவள் உடுத்தி வரப் பார்த்ததுபோல அவள் அடையாளம் கண்டுகொண்டாள். தன் நிறுத்தத்தில் இறங்கும்போது முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் அந்தப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியையாக வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா முகம்மது நூகு விருதுநகர் பஜாரில் பருப்பு வியாபாரம் செய்தவர். சின்ன வயதில் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். சுற்றுப்பட்டியிலிருந்து வரும் பெண்கள் எடை குறைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, வாய் திறக்காமல் பையை நீட்டுவார்கள். "அத்தா, அவங்க ஏன் கேக்க மாட்டேங்கிறாங்க?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "கேட்டுப் பழக்கம் இல்லம்மா" என்று அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் அதை வருத்தத்தோடு சொன்னாரா நிம்மதியோடு சொன்னாரா என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பள்ளிக்கு வந்தபின் அதே பெண்களின் பிள்ளைகளைப் பார்த்தாள். வகுப்பில் கேள்வி கேட்டால் பெஞ்சைச் சுரண்டுவார்கள். வீட்டில் இரவு முழுக்க வாய் ஓயாமல் தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக் குழாய் சுற்றியும் பேசித் தீர்ப்பவர்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும் சன்னலில் ஊமையாகிப் போவார்கள். அதனால்தான் வாரக் கடைசிப் பாடவேளையில் விவாதம் ஆரம்பித்தாள். முதலில் ஆங்கிலத்தில் நடத்தினாள். மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். தமிழுக்கு மாற்றினாள். கூரை பறந்தது.

யார் எந்தத் தரப்பு என்பதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அங்கே எல்லா வீட்டிலும் தீக்குச்சி உண்டு; மருந்து முக்காத வெறுங்குச்சியும் கூடை கூடையாக உண்டு. ஒரு பெட்டியில் இரண்டையும் கலந்து போட்டு, கண்ணை மூடி எடுக்க வேண்டும். மருந்துக்குச்சி வந்தால் தலைப்புக்குச் சார்பு. வெறுங்குச்சி வந்தால் எதிர்ப்பு. 'விழுந்த குச்சிக்குப் பேசணும்' என்பது வகுப்புச் சட்டம். எனக்கு மனசில்லை, நான் நினைப்பது வேறு என்று யாரும் சிணுங்கக்கூடாது.

"நீ நம்புறதையே பேசுறதுல என்ன இருக்கு? அதை யாரும் பேசுவாங்க. நம்பாததைப் பேசிப் பாரு. அப்பத்தான் வாய் உன்னோடதாகும்" என்று தஹ்மீனா சொல்வாள். "மேடையை விட்டு இறங்கினதும் குச்சியைத் தூரப் போட்டுரலாம்."

அந்தச் சட்டத்தில் தேறியவள் பானுப்பிரியா. மெலிந்த பிள்ளை, குரல் மட்டும் கனமானது. அப்பா இல்லாத வீடு. அம்மா ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில் பேப்பர் வெட்டும் பிரிவில் வேலை செய்தாள். தாய்மாமன் சங்கிலிமுத்து அதே கம்பெனியில் போர்மேன்; அவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எந்தக் குச்சி விழுந்தாலும் பானு ஜெயித்தாள். 'வரதட்சணை தேவையே' என்று அவள் பேசியபோது மற்ற பெண்பிள்ளைகள் கோபத்தில் அழுதார்கள். "ஏலே, இவ வக்கீலுக்குத்தான் லாயக்கு" என்று பையன்கள் கத்தினார்கள். தஹ்மீனா அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேருந்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

சுனாமிக்கு அடுத்த வருடத்துச் சீசனில் அந்த விபத்து நடந்தது.

பட்டாசுக்கு மருந்து கலக்குகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்று கலக்கிய மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மிச்சம் இருந்தால் அழித்துவிட வேண்டும். ஈரம் பட்டு இரண்டு நாள் கிடந்தால் அது தானாகவே சூடேறும். சனிக்கிழமை மிஞ்சிய மருந்து ஒரு வாளியில் மூடி வைக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தூறல் விழுந்தது. திங்கட்கிழமை காலையில் கலவை அறையே இல்லாமல் போனது. மருந்து கலக்கும் வெள்ளைத்துரையும் உடன் மூன்று பேரும் செத்தார்கள்.

வாளியை மூடி வைத்தது யார் என்பதுதான் கேள்வி. திங்கட்கிழமை வேலையைச் சீக்கிரம் முடித்துக் காட்ட வெள்ளைத்துரையே ஒளித்து வைத்தார் என்றது கம்பெனி. அழிக்கப் போனவரைப் போர்மேன் தடுத்தார் என்றாள் வெள்ளைத்துரையின் மனைவி அய்யம்மாள். சனிக்கிழமை ராத்திரி சோறு தின்னும்போதே அவர் அதைச் சொல்லி மனம் குமைந்திருந்தார். 'சங்கிலி சொன்னப்ப அந்தப் பானுப் பிள்ளையும் அங்கனதான் நின்னுச்சு, மாமனக் கூப்பிட வந்திருந்துச்சு' என்றும் சொல்லியிருந்தார்.

ஆகவே கோட்டாட்சியர் ஊருக்கு வந்து விசாரித்த அன்று அய்யம்மாளே பானுவின் பெயரைச் சொன்னாள். "அந்தப் பிள்ளையக் கூப்பிட்டுக் கேளுங்க சார். பேச்சுப் போட்டியில கப்பு வாங்குன பிள்ளை. பயப்படாமப் பேசும்."

பானு பயப்படாமல்தான் பேசினாள். மறுநாளே மற்ற மூன்று வீட்டாரும் அய்யம்மாள் வாசலில் மண்ணை அள்ளி வீசிவிட்டுப் போனார்கள். மூன்று பேரைக் கொன்றவன் வீடு என்று பெயராகிவிட்டது. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

காலாண்டுப் பரீட்சைத் தாளும் கையுமாக இருந்த தஹ்மீனாவுக்கு, பிள்ளை சாட்சி சொன்னது மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. என்ன சொன்னது, எப்படிச் சொன்னது என்பது பேருந்தில்தான் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது வந்தபின் அவளால் வகுப்பில் நிற்க முடியவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் பானு ஆசிரியர் அறைக்கு வந்திருந்தாள்.

"டீச்சர், விழுந்த குச்சி மனசுக்கு ஒட்டவே இல்லன்னா எப்படி ஆரம்பிக்கிறது?"

மாவட்டப் போட்டி விருதுநகரில் நடக்கவிருந்தது. அதற்குத்தான் பிள்ளை தயாராகிறது என்று தஹ்மீனா பூரித்துப்போனாள். "எதிராளியோட நல்லதை முதல்ல நீயே சொல்லிரு. அப்பத்தான் உன்னை நம்புவாங்க. சொல்லிட்டு நிறுத்து. சபை உன் வாயைப் பார்க்கிற வரைக்கும் நிறுத்து. அப்புறம் குரலைக் கூட்டாதே, இறக்கு."

"எதிராளி அழுதுட்டே இருந்தாகன்னா?"

"அழுகைக்குப் பதில் சொல்லாதே. அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாதே. நடுவரை மட்டும் பார்."

பானு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். தஹ்மீனா தாளிலிருந்து நிமிராமலே, "நல்லாப் பேசுவே, போ" என்றாள்.

மதிய இடைவேளையில் தலைமையாசிரியர் ஊர்க்காவலன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியின் இறக்கையில் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது.

"நீங்க இங்கிலீஷ் டீச்சர். இங்கிலீஷ நடத்துங்க. இந்தக் குச்சி வெளையாட்டு இன்னையோட போதும்."

"சார், அந்தப் பிள்ளை சொன்னது நிசம் இல்ல."

"நீங்க அந்தச் சனிக்கிழமை அங்கன நின்னீங்களா?"

"இல்ல சார்."

"நானும் நிக்கல. நிக்காத ரெண்டு பேரு எதுக்கு அதப் பத்திப் பேசிக்கிட்டு?" அவர் கோப்பைத் திறந்துகொண்டார். "வியாழக்கிழமையோட விசாரணை முடியுது. முடிஞ்சா ஊரு அமைதியாயிரும்."

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சொன்னதை மாற்றிச் சொல்லவோ, புதிதாகச் சொல்லவோ விரும்புகிறவர்கள் அன்று சிவகாசியில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நேரில் வரலாம். அதோடு சரி. தஹ்மீனாவின் கணவன் தவுபிக் அரபு நாட்டில், தம்மாமில் கடை வேலையில் இருந்தான். வெள்ளிக்கிழமைதான் போன் செய்வான். அவனிடம் யோசனை கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பள்ளி விட்டதும் பானுவின் வீட்டுக்குப் போனாள். பானு வாசலில் காகிதக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள். விரலில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"ஏன் ஸ்கூலுக்கு வரல?"

"பிள்ளைக ஒரு மாதிரிப் பாக்குதுக டீச்சர்."

தஹ்மீனா சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு மாமா என்ன சொன்னார்?"

பானு குழாய் ஒன்றை எடுத்து அதன் ஓட்டை வழியே தரையைப் பார்த்தாள். "'அழிச்சா மொதலாளி என் சம்பளத்துல பிடிப்பாரு. மூடி வையும்யா, திங்கக்கெழமை ஓட்டிக்கிடலாம்'னாரு. பெரியப்பா வேண்டாம் வேண்டாம்னாரு. மாமா கேக்கல. நான் அங்கனதான் நின்னேன்."

"அப்புறம் ஏம்மா…"

"மாமா அழுதாரு டீச்சர். என் கால்ல விழ வந்தாரு. எனக்குப் பேச வராதுன்னேன். அப்ப அவரு அடுப்படியில போயி ஒரு வெறுங்குச்சி எடுத்துட்டு வந்து என் கையில வச்சாரு. 'மருமகளே, ஒனக்கு இதுதான் விழுந்திருக்கு. ஒங்க டீச்சரு கிளாசுன்னு நெனச்சுக்க'ன்னாரு." அவள் நிமிர்ந்தாள். "எறங்குனதும் குச்சியத் தூரப் போட்டுரலாம்னு சொல்லுவீகள்ல. நான் போட்டுட்டேன் டீச்சர். ஆனா முடியலையே. அய்யம்மா பெரியம்மா வாசல்ல மண்ணு கெடக்கு. எனக்குத் தெரியும், நான் பாத்தேன்."

தஹ்மீனா அவள் கையைப் பிடித்து, விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துவிட்டாள். "வியாழக்கிழமை நான் உன்னோட வாரேன். நடந்ததைச் சொன்னாப் போதும். அழகாப் பேச வேண்டாம்" என்றாள்.

"மாமாவப் பிடிச்சிட்டுப் போயிருவாகளா?"

"போனாலும் போவாங்க."

"அம்மாவ வேலைய விட்டு நிப்பாட்டிருவாக."

"ஆமா."

பானு அந்த இரண்டு பதில்களையும் எடை போடுவதுபோல நின்றாள். டீச்சர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஏதோ ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

"வீட்டுல மாமா செல்லு ஒண்ணுதான், நம்பரு ஸ்கூல்ல குடுத்திருக்கு. சாமி மாடத்துல வச்சிட்டுக் காலையில கெணத்துக்குக் குளிக்கப் போவாரு. பத்து மணிக்கு மேல ஆகும், காயம் ஆறுற வரைக்கும் அவருக்கு வேலை இல்லைல்ல. அந்த நேரத்துக்கு அடிங்க டீச்சர். நான் எடுத்தேன்னா, அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்னு அர்த்தம்."

"எடுக்கலைன்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. சங்கிலிமுத்து இறங்கினார். வெடியில் புருவம் கருகி, ஒரு காதில் களிம்பு தடவியிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததுதான் தஹ்மீனாவைக் கலங்கடித்தது. அதில் சூது இல்லை.

"வாங்க டீச்சர், வாங்க! நிக்கீகளே! ஏத்தா பானு, கலர் சோடா வாங்கிட்டு வா." தெருவே கேட்கும்படி கையெடுத்துக் கும்பிட்டார். "நான் வெளியில நடமாடுதேன்னா அது ஒங்க புண்ணியம். நான் எல்லார்கிட்டயும் சொல்லுதேன், எங்க டீச்சரு குடுத்த பயிற்சின்னு. டீக்கடையில சொன்னேன், பஸ்ஸுல சொன்னேன். நன்றிய மறைக்கப்படாதுல்ல?"

வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"நீங்க செஞ்சது தப்பு" என்றாள். தன் குரல் தானாகவே இறங்கியிருப்பதைக் கவனித்து, அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"தப்புதான் டீச்சர். நாலு பேரு மூஞ்சியும் ராத்திரி வருது. நான் உள்ள போயிட்டா அவுக திரும்பி வந்திருவாகளா? இந்த ரெண்டு பொம்பளைகளும் எங்கன போகும்?" உள்ளே போய், கம்பெனிப் பட்டாசுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "ஒங்களுக்குத் தீவாளி கெடையாது, தெரியும். பிள்ளைகளுக்குக் குடுங்க."

அவள் வாங்கவில்லை. அவர் நீட்டிய கையோடே நின்றார். திரும்பும் வழியில் அய்யம்மாள் வீட்டைக் கடந்தாள். கதவு சாத்தியிருந்தது. கதவில் கை உயரத்துக்குச் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. தட்ட நினைத்துத் தட்டாமல் பேருந்துக்குப் போனாள்.

வியாழக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அலுவலகம் திறக்குமுன்பே சிவகாசியில் போய் நின்றாள். படிக்கட்டில் அய்யம்மாள் உட்கார்ந்திருந்தாள். இன்றாவது யாராவது தன் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல வருவார்களா என்று பார்க்க வந்திருந்தாள். தஹ்மீனா அருகில் போய்த் தான் யாரென்று சொன்னாள்.

அய்யம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, நீங்கதானா அது." குரலில் ஆத்திரம் இல்லை, அதைத் தாண்டிய ஏதோ இருந்தது. "எம் புருசனுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கலாமே டீச்சர். அன்னைக்கு அந்தச் சங்கிலிகிட்டப் பேசி ஜெயிச்சிருப்பாரு. அவருக்கு வேண்டாம் வேண்டாம்னு சொல்ல மட்டுந்தான் தெரியும்."

தஹ்மீனா உள்ளே போய், மேசையிலிருந்த எழுத்தரிடம், பானுப்பிரியா தன்னிடம் உண்மையைச் சொன்னதாகத் தான் எழுதித் தரலாமா என்று கேட்டாள்.

"நீங்க நேர்ல பாத்தீகளா?"

"இல்ல. பிள்ளை சொன்னதைக் கேட்டேன்."

"கேட்டத எழுதிக் குடுங்க, வாங்கி வைக்கேன். ஆனா அந்தப் பிள்ளை அய்யா முன்னாடி ஒரு மாதிரி சொல்லிருச்சு. அது வந்து மாத்திச் சொன்னாத்தான் நிக்கும் டீச்சர். இல்லாட்டி ஒங்க பேச்சுக்கு எதிராளியே அந்தப் பிள்ளைதான்."

அவள் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டபின் வெளியே வந்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்ப் போன் தொங்கியது. அந்தப் போனில் எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுமுனையில் எடுத்தபிறகுதான் காசைப் போட வேண்டும். இந்நேரம் சங்கிலிமுத்து கிணற்றில் இருப்பார். மாடத்தில் சாமி படத்துக்கு அடியில் செல்போன் இருக்கும். பானு அதற்கு எதிரே நின்றுகொண்டிருப்பாள், அல்லது வேண்டுமென்றே வாசலுக்குப் போய்க் குழாய் அடுக்கிக்கொண்டிருப்பாள்.

அய்யம்மாளும் தெருவைக் கடந்து பின்னால் வந்து நின்றாள். "யாருக்கு டீச்சர் போன்?"

"பானுவுக்கு."

அய்யம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, தஹ்மீனாவின் காதிலிருந்த ரிசீவரில் தன் காதையும் ஒட்டவைப்பதுபோல நின்றாள்.

எண்ணை அழுத்தி முடித்தாள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொலைவில் மணி போகத் தொடங்கியது.

"எடுக்காளா?"

"மணி போகுது."

பெட்டிக்கடைக்காரர் பத்திரிகையைத் தொங்கவிட்டபடி, "கூட்டமா நிக்காதீக, யாவாரம் இருக்கு" என்றார். இருவரும் நகரவில்லை. தஹ்மீனா ஒரு ரூபாயைக் காசு போடும் துளையின் விளிம்பில் வைத்து விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். மணி நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும், இதோ எடுத்துவிட்டாள் என்று விரல் காசை ஒரு நூல் உள்ளே தள்ளியது. அடுத்த மணி வந்ததும் பின்னால் இழுத்தது. அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது.